கிருமி முதலா, கரப்பான் முதலா?

மார்கழி, தை மாதங்களில் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் நவரை நெல் நடவு. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரித் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் வயலில் இறங்கும் பெண்கள் மதியம் வரை சேற்றிலேயே நிற்பார்கள். தொடர்ந்து சில நாள் நடவுக்குப் போனால் போதும், கால் விரலிடுக்கு ஊறி வெளுத்து, தோல் உரிந்து, எரிச்சலும் அரிப்பும் தொடங்கிவிடும். சேற்றுப்புண். மருதாணி இலையை அரைத்து வைத்துக் கட்டுவது பழைய வழக்கம். இப்போது மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கிக்கொள்வதுதான் பெருவழக்கு.

வில்லியனூர்ச் சுற்றுவட்டாரத்திலிருந்து தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு உபாதை வேறு இடத்தில். நாள் முழுக்க வியர்வையில் ஊறிய ஜீன்ஸுக்குள், இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டம் வட்டமாகப் படர்தாமரை. சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கடியிலும் முழங்காலிலும் தேன் நிறப் பொருக்கோடு சிரங்கு. இன்னொரு வீட்டில் விரலிடுக்கில் சொறி. இரவானால் குடும்பமே உறங்காமல் சொறிந்துகொண்டிருக்கும். நோய்கள் நான்கு, காரணங்களும் வேறு வேறு. கடையில் கேட்பது மட்டும் ஒன்றுதான்: “அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க.” கையில் கிடைப்பதும் அநேகமாக ஒரே வகை மருந்துதான்.

அந்த டியூபைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடியெழுத்தைப் படித்துப் பாருங்கள். இந்தியாவில் பல ஆண்டுகள் அமோகமாக விற்ற கலவைகளில் ஒன்று இது: க்ளோபெட்டசால், ஒஃப்ளாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபின். இதில் டெர்பினஃபின் பூஞ்சைக்கான மருந்து. ஒஃப்ளாக்சசின் பாக்டீரியாவுக்கு. ஆர்னிடசோல் அமீபா சீதபேதிக்கும், காற்றில்லாமல் வாழும் சில பாக்டீரியாக்களுக்கும் கொடுப்பது. படர்தாமரைக்கும் சொறிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. க்ளோபெட்டசால்தான் ஸ்டீராய்டு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை வலிமைப்படி அமெரிக்க முறையில் 7 வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். மிக மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன் 7-ஆம் வகுப்பு. க்ளோபெட்டசால் 1-ஆம் வகுப்பு. பெட்டாமெத்தசோன், ஜென்டாமைசின், மைக்கோனசோல் சேர்ந்த டியூப்களும் இதே குடும்பம்தான். என்ன நோய் என்று தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்று வேலை செய்யட்டும் என்ற நினைப்பில் உருவான மருந்துகள் இவை.

பூசிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடுகிறது. இது கடைக்காரர் கைராசியும் இல்லை, நான்கு மருந்தின் கூட்டுப் பலமும் இல்லை. அந்த வேலை முழுக்க ஸ்டீராய்டு செய்வது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்ல நான் வரவில்லை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தில் எழுந்து நடக்கவே திணறிய ஒரு நோயாளிக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் நடமாடத் தொடங்கினார். அந்தக் கண்டுபிடிப்புக்காக ஹென்ச், எட்வர்ட் கெண்டல், ததேயுஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1952-இல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாகப் பூசிக் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சியைத் தணிக்க முடியும் என்று காட்டினார்கள். அதுவரை தாரும் துத்தநாகக் களிம்பும்தான் கதி என்றிருந்த தோல் மருத்துவத்தில் அது ஒரு விடிவு. இன்றும் கரப்பானுக்கு அதற்கு நிகரான எளிய, மலிவான மருந்து கிடையாது. குழந்தைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டுத் தூக்கி எறியும் தாய்மார்களும் தவறுதான் செய்கிறார்கள்.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் நன்மையும் ஆபத்தும் ஒரே இடத்தில் பிறப்பது தெரியும். ஸ்டீராய்டு தோல் செல்லுக்குள் நுழைந்து ஓர் ஏற்பியோடு சேர்ந்து, மரபணுக்கள் எதை எழுத வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்பதையே மாற்றுகிறது. அழற்சியைத் தூண்டும் வேதிச் செய்திகள் குறைகின்றன. ரத்த நாளங்கள் சுருங்கிச் சிவப்பு மறைகிறது. வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்வது தடைபடுகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உற்பத்தியும் குறைகிறது. கரப்பானில் உடல் காரணமில்லாமல் தன் தோலையே தாக்கிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாக்குதலை அடக்குவது நோயையே அடக்குவது. படர்தாமரையில் அப்படியில்லை. அங்கே சிவப்பும் வீக்கமும் அரிப்பும் பூஞ்சையை வெளியேற்ற உடல் நடத்தும் சண்டையின் அடையாளங்கள். சண்டையை நிறுத்திவிட்டால் களம் பூஞ்சைக்குத்தான்.

ஆகவே டியூபைத் திறக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கிருமி முதலில் வந்ததா, கரப்பான் முதலில் வந்து அதன்மேல் கிருமி ஏறியதா? கரப்பான் முதல் என்றால் ஸ்டீராய்டு முதன்மை மருந்து. கிருமி முதல் என்றால் வலிமையான ஸ்டீராய்டு நோய்க்குத் துணை போகும். நான்கு மருந்து ஒரே டியூபில் இருப்பதால் இந்தக் கேள்வியைக் கேட்காமலே எல்லோரும் தப்பித்துக்கொள்ள முடிகிறது. அதுதான் அந்த டியூபின் பெரிய தீமை என்பது என் கருத்து.

படர்தாமரையில் ஸ்டீராய்டு பூசினால் என்ன ஆகும் என்று 1968-லேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். சாதாரணப் படர்தாமரைக்கு ஒரு தெளிவான முகம் உண்டு: வட்டமான, சற்றே மேடான, செதிலுள்ள விளிம்பு, நடுவில் தெளிந்த தோல். ஸ்டீராய்டு பூசினால் விளிம்பு மங்கும், செதில் மறையும், அரிப்பு அடங்கும். உள்ளே பூஞ்சை பெருகும். நீறு பூத்த நெருப்பு. களிம்பை நிறுத்திய சில நாளில் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வரும். வட்டத்துக்குள் வட்டமாக, கண்டபடி எல்லை மீறிப் பரவும். “அந்த மருந்து போட்டால்தான் கேட்கிறது” என்று மறுபடி அதையே வாங்குவார்கள். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், இந்தச் சுற்று ஓடுகிறது. கடைசியில் தோல் மருத்துவர் முன்னால் வந்து நிற்கும்போது, பார்த்த மாத்திரத்தில் படர்தாமரை என்று சொல்ல முடியாத உருவத்தில் இருக்கும் நோய்.

சொறியும் அப்படியே. தோலுக்குள் சுரங்கம் தோண்டி வாழும் நுண்ணிய சிற்றுண்ணிதான் சொறிக்குக் காரணம். அந்த டியூபில் உள்ள நான்கில் ஒன்றுகூட அதைக் கொல்லாது. அரிப்பு மட்டும் தணியும். உண்ணி வீட்டில் எல்லோருக்கும் பரவும். அதற்கு மருந்து 5 சதவீத பெர்மெத்ரின். கழுத்துக்குக் கீழே உடல் முழுக்க, நகக்கண் விடாமல், இரவில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. அரிப்பு இருக்கிறதோ இல்லையோ, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும் மருத்துவரைக் கேட்டுப் பூசுங்கள்.

சொறிந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா ஏறிச் சிரங்காகிவிட்டால் விஷயம் தோலோடு முடியாமல் போகலாம். சிரங்கு வந்த சுமார் மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரக அழற்சி வருவதுண்டு. காலையில் முகம் உப்பியிருக்கும், சிறுநீர் டீத் தண்ணீர் நிறத்தில் போகும். இவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிரங்கு சின்ன இடத்தில் இருக்கும்போதே சோப்புப் போட்டுக் கழுவி, பொருக்கை மெல்ல நீக்கி, மருத்துவர் சொல்லும் ஃப்யூசிடிக் அமிலமோ முபிரோசினோ சில நாள் தனியாகப் பூசினால் போதுமானது. ஸ்டீராய்டுக்கு அங்கே வேலை இல்லை. அக்கிக் கொப்புளத்துக்கும் அது ஆகாது. வைரஸுக்கு இன்னும் வசதியாகப் போய்விடும்.

இடத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் உடல் முழுக்கத் தோல் ஒரே மாதிரி மருந்தை உறிஞ்சுவதில்லை. 1967-இல் ஃபெல்ட்மனும் மைபாக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனை உடலின் பல பகுதிகளில் பூசி அளந்தார்கள். முன்கையின் உட்புறம் உறிஞ்சுவதை 1 என்று வைத்தால், உள்ளங்கால் 0.14, அக்குள் 3.6; நெற்றி 6; தாடை ஓரம் 13; விதைப்பை 42. இந்த எண்களோடு நம் ஊர் வழக்கத்தை வைத்துப் பாருங்கள். நாலு மருந்து டியூப் அதிகம் போவது தொடையிடுக்கில். மடிப்பு, வியர்வை, இறுக்கமான உள்ளாடை எல்லாம் சேர்ந்து மருந்தை மேலும் உள்ளே அழுத்துகின்றன. உள்ளே போவது அதிகமாக இருக்கும் இடத்தில், இருப்பதிலேயே வலிமையான ஸ்டீராய்டு, கணக்கில்லாத நாட்கள். விளைவு, தோல் காகிதம் போல் மெலிந்து, தொடையில் கர்ப்பிணி வயிற்றில் விழுவது போன்ற கோடுகள் விழுகின்றன. 20 வயதுப் பையனுக்கு விழுந்த அந்தக் கோடு பிறகு முழுதாக மறைவதே இல்லை.

முகத்தில் வேறு கதை. நிறம் கூடும் என்று நம்பி ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தினமும் பூசுகிறார்கள். பரு, சிவப்பு, மெல்லிய ரத்தக் கோடுகள், ரோமம். விட்டால் எரிச்சல், பூசினால் நிம்மதி என்ற அடிமைத்தனம். இந்திய தோல் மருத்துவர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் நாட்டின் பல மையங்களில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் நோயோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். ஏழில் ஒருவர். கண்ணுக்கு அருகே நெடுநாள் பூசினால் கண்புரையும் கண் அழுத்தமும் வரலாம். கைக்குழந்தையின் அரையில் பூசி மேலே டயப்பர் கட்டினால் மருந்து ரத்தத்தில் கலந்து, முகம் நிலவுபோல் உப்பி, உடலின் சொந்த ஸ்டீராய்டு உற்பத்தியே நின்றுபோகும் அளவுக்குப் போவதுண்டு.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2016 மார்ச் 10 அன்று மத்திய அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. டில்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் தடையை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபுணர் குழு மறுபடி ஆராயட்டும் என்றது. 2018 செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடைசெய்யப்பட்டன. ஸ்டீராய்டோடு பாக்டீரியா மருந்தும் பூஞ்சை மருந்தும் கலந்த பல களிம்புகள் அந்தப் பட்டியலில் இருந்தன. அதே 2018-இல் 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத ஹெச் அட்டவணைக்குள் இறுக்கிக் கொண்டுவந்தார்கள். வதோதராவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஷ்யாம் வர்மா போன்றவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வரை எழுதி வருடக்கணக்கில் போராடியதன் பலன் இது. ஆனாலும் சேர்மானத்தில் ஒன்றை மாற்றினால் அது பட்டியலில் இல்லாத வேறு கலவை ஆகிவிடுகிறது. சீட்டு கேட்காத கடைகளும் இன்னும் இருக்கின்றன. பாகூர் கொம்யூனின் கிராமங்கள் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களோடு பின்னிக் கிடக்கின்றன. ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்த மாநிலத்துக் கடை நடந்து போகிற தூரத்தில்.

இதற்கிடையில் பூஞ்சையும் மாறிவிட்டது. இந்தியாவில் இப்போது பரவலாகக் காணும் படர்தாமரைப் பூஞ்சையை 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்ற தனி இனமாக விவரித்தார்கள். டெர்பினஃபின் எந்த நொதியைத் தடுத்துப் பூஞ்சையைக் கொல்கிறதோ, அந்த நொதியின் மரபணுவிலேயே மாற்றம் பெற்று மருந்துக்கு அடங்காமல் நிற்பவை இதில் பல. 2023-இல் நியூயார்க் நகரில் இருவருக்கு இது வந்திருப்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் அதற்கு முன் அண்மைக் காலத்தில் வெளிநாடு போகாதவர். ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் தாறுமாறான புழக்கம் இந்த நிலைமைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். முன்பு இரண்டு மூன்று வாரத்தில் ஆறிய படர்தாமரைக்கு இப்போது ஆறு, எட்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், மாத்திரையோடு சேர்த்து வைத்தியம் தேவைப்படுகிறது.

அப்படியானால் கூட்டுக் களிம்புக்கு நியாயமான இடமே இல்லையா? உண்டு, சிறிய இடம். கரப்பானின்மேல் ஓரிடத்தில் பாக்டீரியா ஏறி நீர் வடிந்தால், ஸ்டீராய்டும் ஃப்யூசிடிக் அமிலமும் சேர்ந்த களிம்பை ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் பூசச் சொல்வார்கள். அங்கும் சேர்க்கையால் கிடைக்கும் கூடுதல் பலன் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பிரிட்டனில் கரப்பானில் கிருமி ஏறியதாகத் தோன்றிய 113 குழந்தைகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருக்கும் ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார்கள். அதனுடன் ஆன்டிபயாட்டிக் களிம்போ வாய்வழி மருந்தோ சேர்த்ததால் குறிப்பிடும்படியான கூடுதல் நன்மை தெரியவில்லை. லேசான தொற்று என்றால், கரப்பான் அடங்கினாலே அதன்மேல் குடியேறிய கிருமியும் குறைகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இரண்டாவது இடம், மார்புக்கடியிலோ வயிற்று மடிப்பிலோ பூஞ்சையால் தோல் வெந்ததுபோல் சிவந்திருக்கும் நிலை. 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனும் மைக்கோனசோலும் சேர்ந்த மென்மையான களிம்பை ஏழு நாளுக்குள் பூசி, எரிச்சல் தணிந்ததும் அதை நிறுத்திவிட்டு வெறும் பூஞ்சைக் களிம்பைத் தொடர வேண்டும். கவனியுங்கள்: இரண்டிலும் நாள் கணக்கு முன்கூட்டியே தீர்மானமானது, இரண்டிலும் க்ளோபெட்டசால் இல்லை.

அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டியூபைப் பிதுக்கி, ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை நீளமாக ஒரு கோடு வைத்தால் அது சுமார் அரை கிராம். பெரியவர் ஒருவரின் விரல்கள் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். ஐந்து ரூபாய் நாணயம் அளவு புண்ணுக்கு அரை டியூப் பிதுக்குவது வீண்.

பூஞ்சைக்குத் தனிக் களிம்பு என்றால் கறையைச் சுற்றி இரண்டு விரற்கடை நல்ல தோலுக்கும் சேர்த்துப் பூச வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் சேர்ந்தே வைத்தியம். இல்லையென்றால் துண்டு வழியாகவும் பாய் வழியாகவும் திரும்பி வரும். துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். எப்போதும் ஈரமாகவே கிடக்கும் அரைஞாண் கயிற்றை வைத்தியம் முடியும்வரை கழற்றி வைப்பதில் எந்தத் தோஷமும் வந்துவிடாது.

பாகூரின் சேற்றுப்புண்ணுக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதிகக் கவலை அங்கேதான். விரலிடுக்கு ஊறி வெடித்த தோல் பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல். புதுச்சேரி வட்டாரம் நெடுங்காலம் யானைக்கால் நோய் இருந்த மண். பரப்பும் கொசுக்களைப் பற்றி ஆராய 1975-இல் இங்கேயே ஒரு மத்திய ஆய்வு மையம் நிறுவப்பட்டது. யானைக்கால் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் குளிர்காய்ச்சலும் கால் வீக்கமும் பெரும்பாலும் இந்த விரலிடுக்குப் புண் வழியாகக் கிருமி நுழைவதால் வருபவை. சர்க்கரை நோயாளிக்கு இதே வாசல் காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம். அந்த இடத்தில் தோலை மெலிய வைத்து, உடலின் காவலையும் தடுக்கும் களிம்பைப் பூசுவது எவ்வளவு பெரிய தவறு! வயலிலிருந்து ஏறியதும் காலை நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு விரலிடுக்காகத் துணியால் ஒற்றி உலர்த்தி, க்ளோட்ரிமசோல் போன்ற வெறும் பூஞ்சைக் களிம்பைப் பூசினாலே பெரும்பாலும் ஆறிவிடும். சிவப்பு காலில் மேலேறினால், காய்ச்சல் வந்தால், சீழ் வைத்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. வெளிறிய, உணர்ச்சியற்ற திட்டு எங்கே தெரிந்தாலும் அதில் எந்தக் களிம்பும் பூசாமல் போய்க் காட்டுங்கள். தொழுநோயா என்று பார்க்க வேண்டும்.

போவதற்கு இடமில்லாத ஊர் இல்லை இது. ஜிப்மரின் ஊரக சுகாதார மையம் வில்லியனூர் கொம்யூனில் இராமநாதபுரத்தில் இருக்கிறது. கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் அரியூரிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தோலைச் சுரண்டி எடுத்த செதிலில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை உண்டா என்பது சிறிது நேரத்தில் தெரிந்துவிடும். டியூபின்மேல் சிவப்புக் கோடும் ஆங்கிலப் பொடியெழுத்தும் போட்டால் மட்டும் நடவுக்குப் போகும் பெண்ணுக்கு என்ன புரியும்? ஸ்டீராய்டு உள்ள ஒவ்வொரு டியூபிலும் “இதில் ஸ்டீராய்டு உள்ளது, படர்தாமரைக்குப் பூசாதீர்கள்” என்று தமிழில் அச்சிட வேண்டும். இதைச் சட்டமாக்குவது அரசுக்குப் பெரிய காரியமில்லை.

உங்கள் வீட்டு அலமாரியில் பாதி பிதுக்கிய டியூப் ஏதாவது இருந்தால், பெயர் “சோன்” என்று முடிகிறதா, க்ளோபெட்டசால் என்றோ ஹாலோபெட்டசால் என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீராய்டுகள் பலவற்றை இப்படிக் கண்டுகொள்ளலாம். மாதக்கணக்கில் முகத்திலோ குழந்தைக்கோ பூசி வந்திருந்தால் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாமல், மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். மருத்துவரிடம் போகும்போது டியூபை மறைக்காமல் கையோடு எடுத்துப் போய், எத்தனை நாளாகப் பூசினீர்கள், கடைசியாக எப்போது பூசினீர்கள் என்று சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் அவர் தோலில் பார்ப்பது நோயின் உருவமா, மருந்து மாற்றிவைத்த உருவமா என்று தீர்மானிக்க முடியும்.